பவளத் தொட்டியில் நீரோட்டம் அமைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பவளத் தொட்டி வைக்க முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் விளக்கை வாங்குகிறார்கள், அடுத்து நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை வாங்குகிறார்கள், கடைசியில் கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு வேவ்மேக்கரோடு (தொட்டி நீரைக் கலக்கும் பம்ப்) வீடு திரும்புகிறார்கள். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் முதல் தொட்டியை அமைத்தபோது நானும் அதே வரிசையில்தான் வாங்கினேன். சில மாதங்களில் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கியபோது விளக்கின் மேல் பழியைப் போட்டு, அதை மாற்றி, மறுபடியும் மாற்றிப் பார்த்தேன். பாறைகளுக்குப் பின்னால் விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தொட்டியின் பாதியில் தண்ணீர் அசையவே இல்லை என்பது புரிந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் நீரோட்டத்தை முதலில் வைத்து, 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட, அடியில் சம்ப் எனும் துணைத்தொட்டி உள்ள நான்கடித் தொட்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஓட்டம் எதைச் செய்கிறது

மீன் தன் உணவைத் தேடிப் போகும். பவளத்தால் அது முடியாது. உணவும் ஆக்சிஜனும், எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கான கால்சியமும் கார்பனேட்டும் அது இருக்கும் இடத்துக்கே வந்து சேர வேண்டும், அது வெளியேற்றும் கழிவும் சளியும் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும். இதில் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நீருக்குள் இருக்கும் எந்தப் பரப்பின் மேலும் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அநேகமாக அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயுக்களும் உப்புகளும் அந்தப் படலத்தை ஊடுருவித்தான் உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டும். கொடியில் போட்ட ஈரவேட்டி காற்றில்லாத நாளில் மெதுவாகவும் காற்றடிக்கும் நாளில் விரைவாகவும் உலர்வதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும்: ஓட்டம் வலுத்தால் படலம் மெலியும், பரிமாற்றம் விரைவாகும்.

பகலில் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையின் மூலம் பவளத்தின் தேவைக்கும் மேலாக ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. அது வெளியேற வழியில்லாமல் தேங்கினால் அந்தத் திசுவுக்கே தீங்காகிவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டுபவர் ஓட்டத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இரவில் நிலைமை நேர்மாறாகிறது: மீன், பவளம், பாசி, பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன, கொடுப்பதற்கு யாரும் இல்லை. 26 டிகிரி செல்சியஸில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். அதே வெப்பத்தில் நன்னீர் 8 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும். கடல்நீர்த் தொட்டியில் கையிருப்பு குறைவு என்பதால் நீரின் மேற்பரப்பு எந்நேரமும் கலைந்து காற்றோடு உறவாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓட்டம் பவளத்தின் உருவத்தையே மாற்றும் என்பதற்கு மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் போசிலோபோரா டாமிகோர்னிஸ் நல்ல சான்று. அலை மோதும் இடத்தில் அது குட்டையாகவும் தடித்த கிளைகளோடு நெருக்கமாகவும் வளரும். அமைதியான நீரில் அதே இனம் மெல்லிய கிளைகளை விட்டு அகன்று விரியும். இதைப் படித்துவிட்டு யாரும் ராமேசுவரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துவந்துவிட வேண்டாம். இந்தியாவில் பாறை அமைக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதோ இறந்ததோ, அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.

முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

எடுத்துக்காட்டுத் தொட்டியின் வெளியளவைப் பெருக்கினால் 360 லிட்டர் வரும். ஆனால் கண்ணாடியின் தடிமன், விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடம் ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 300 லிட்டர்தான். முதன்முதலாக நீர் நிரப்பும்போது வாளிகளை எண்ணிக் குறித்துவைத்தால் இந்தக் கணக்கு துல்லியமாகக் கிடைத்துவிடும். பின்னாளில் மருந்தோ கால்சியமோ சேர்க்கும்போதும் அந்த எண்ணே உதவும்.

பாறையை அடுக்கும்போதே ஓட்டத்தை நினையுங்கள்

பம்ப் வாங்குவதற்கு முன்பே பாதி வேலை பாறை அடுக்கில் முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. பின்கண்ணாடியை ஒட்டிக் கோட்டைச்சுவர் போல அடுக்கினால் எவ்வளவு விலையுயர்ந்த பம்ப்பாலும் அதன் பின்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியாது. நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து குறைந்தது 10 செ.மீ. விலக்கி, ஒரே மலையாக இல்லாமல் இரண்டு குன்றுகளாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையில் நீர் ஓடும் வாய்க்கால் ஒன்றை விட்டு அடுக்குங்கள். பாறையின் அடிப்பகுதி மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் தொட்டியின் தளத்தைத் தொட்டு நின்றால் அதன் கீழேயும் நீர் நுழையும். ஒரு சிறு மீன் பாறைக்கூட்டத்தின் எந்த ஓட்டையில் புகுந்தாலும் வேறு வழியாக வெளியே வர முடியுமானால் தண்ணீராலும் முடியும் என்று கொள்ளலாம்.

மணலையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை போன்ற பொடிமணல் பார்வைக்கு அழகானது, ஆனால் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினாலும் கிளம்பிப் பவளங்களின் மேல் படியும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் புதியவருக்குத் தலைவலியைக் குறைக்கும்.

ரிட்டர்ன் பம்ப்: அதை அதன் வேலையை மட்டும் செய்ய விடுங்கள்

சம்ப்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பையும் தொட்டிக்குள் நீரைக் கலக்கும் வேவ்மேக்கரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னதன் வேலை, மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் பசையோடு நீரை ஓவர்ஃப்ளோ எனும் வடிகால் வழியாக சம்ப்புக்கு அனுப்பி, ஸ்கிம்மரும் ஹீட்டரும் அல்லது நீரைக் குளிர்விக்கும் சில்லரும் தங்கள் வேலையைச் செய்ய வைப்பது. அதற்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். பத்து மடங்கு ஓட்டினால் இரைச்சலும் மின்கட்டணமும் சம்ப்பில் குமிழிகளும்தான் கூடும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், ஏனென்றால் அது நீரை மேலே ஏற்றாமல் அளந்த எண். ஒன்றரை மீட்டர் உயரமும் இரண்டு மூன்று வளைவுகளும் சேர்ந்தால் அதில் பாதிகூடக் காணாமல் போகலாம். ரிட்டர்ன் குழாயின் வாயை 10 லிட்டர் வாளிக்குள் திருப்பி, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். 24 வினாடி ஆனால் மணிக்கு 1500 லிட்டர், அதாவது 300 லிட்டர் தொட்டிக்குச் சரியாக ஐந்து மடங்கு.

அடுத்த சோதனையைத் தவிர்த்தவர்கள் என்றாவது ஒருநாள் தரையைத் துடைத்திருப்பார்கள். மின்சாரம் நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறித் தொட்டி நீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீரும் இறங்கும். நம் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் மட்டத்திலும் ஏறத்தாழ 7 லிட்டர் நீர் இருக்கிறது. வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 35 லிட்டர். அந்த நீரைக் கொள்ளும் இடம் சம்ப்பில் இருக்கிறதா என்று பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்து, நீர் நின்ற மட்டத்தில் சம்ப்பின் வெளிப்புறம் ஒரு கோடு போடுங்கள். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; சுண்ணாம்பு படிந்தோ ஒரு சிறு நத்தை சிக்கியோ அது மூடாமல் போகும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ரிட்டர்ன் குழாயில் ஒரு சிறு துளை இடுவது எளிய காப்பு: மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் நின்றுவிடும். அந்தத் துளையையும் மாதம் ஒருமுறை பல்குத்தியால் சுத்தம் செய்ய வேண்டும்.

வேவ்மேக்கரைத் தேர்ந்தெடுத்தல்

எத்தனை மடங்கு என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, லெதர், ஜோவா, மஷ்ரூம் போன்ற மென்பவளங்களுக்கு மணிக்குக் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கும், டார்ச், ஹாமர் போன்ற பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் தனி உயிரி) கொண்ட கல்பவளங்களுக்கு 20 முதல் 30 மடங்கும், அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கொண்டவற்றுக்கு 40 மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். நம் 300 லிட்டர் தொட்டியில் கலவையான பவளங்களை வளர்ப்பதானால் 7500 முதல் 9000 லிட்டர் வரை என்று தொடங்கலாம். ஆனால் இது கடைக்குப் போகும்போது உதவும் எண் மட்டுமே. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீச்சினாலும் மேசை விசிறியை ஓடவிட்டாலும் ஏதோ ஒன்று அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குறுகிய வாயுள்ள பழைய பவர்ஹெட் முதல் வகை, அகன்ற புரொப்பெல்லர் கொண்ட இன்றைய வேவ்மேக்கர் இரண்டாம் வகை. புதியவர் இரண்டாம் வகையையே வாங்க வேண்டும்.

ஒரே ஒரு பெரிய பம்ப்பை விட இரண்டு நடுத்தர பம்ப்புகள் மேலானவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும் என்பது ஒரு காரணம்; அதைவிட முக்கியமாக, இரண்டு ஓட்டங்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் திசையற்ற கொந்தளிப்பு பிறக்கிறது. மணிக்கு 6000 லிட்டர் வரை தள்ளக்கூடிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள இரண்டு டிசி (நேர்மின்னோட்ட) பம்ப்புகளை வாங்கி, பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் ஓட்டினால் இரைச்சலும் குறையும், பவளங்கள் வளரும்போது கூட்டுவதற்கு இடமும் இருக்கும். நீண்ட உருளை வடிவ கைர் பம்ப்புகளும் உண்டு. அவை தகடு போன்ற அகன்ற ஓட்டத்தைத் தொட்டியின் மேற்பகுதியில் நீளவாக்கில் அனுப்ப, அது எதிர்க்கண்ணாடியில் மோதிக் கீழிறங்கி அடிப்பகுதி வழியாகத் திரும்பி வரும். நீளமான, பாறை தாழ்ந்த தொட்டிக்கு அது நன்றாகப் பொருந்தும்; பாறை நீர்மட்டம் வரை உயர்ந்திருந்தால் அந்தச் சுற்று பாதியிலேயே உடைந்துவிடும்.

இவையெல்லாம் வருவதற்கு முன்பு ஆர்வலர்கள் பட்ட பாடு சுவையானது. ஹவாயின் வைக்கிகி நீர்வாழ் காட்சியகத்தைச் சேர்ந்த புரூஸ் கார்ல்சன், தொட்டிக்கு மேலே ஒரு கலத்தை வைத்து அதில் மெல்ல நீரேற்றி, நிரம்பியதும் சைஃபன் தானாகத் தொடங்கி மொத்த நீரையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டும்படி அமைத்தார். நகரும் பாகம் எதுவும் அதில் இல்லை. பவளங்களுக்கு அது உண்மையான கடலலையைப் போன்றது. வீட்டுக் கூடத்திலோ கொட்டும் ஓசையையும் தெறிக்கும் உப்பையும் குமிழிகளையும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பொருத்தும் இடம்

முதல் பம்ப்பை இடப்பக்கக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே பொருத்தி, அதன் முகத்தை முன்கண்ணாடியின் நடுப்பகுதியை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். இரண்டாவதை வலப்பக்கத்தில் அதைவிடச் சற்றுத் தாழ்வாக வைத்து, முதல் ஓட்டத்தைக் குறுக்கே சந்திக்கும்படி திருப்புங்கள். எந்தப் பம்ப்பும் எந்தப் பவளத்தையும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கண்ணாடியிலோ இன்னோர் ஓட்டத்திலோ மோதிச் சிதறிய நீரே பவளத்தை அடைய வேண்டும். மேற்பரப்பு கொதிக்கத் தொடங்கும் உலைநீரைப் போல நெளிந்துகொண்டிருந்தால் போதும். அங்கே சுழி விழுந்து பம்ப் காற்றை இழுத்தால் தொட்டி முழுதும் நுண்குமிழிகள் நிரம்பிவிடும், இரண்டு செ.மீ. கீழே இறக்கினால் அது நின்றுவிடும்.

கம்பிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு மின்கம்பியும் சாக்கெட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை சாக்கெட்டை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். கம்பி வழியாக வழியும் உப்புநீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

பவளம் வைப்பதற்கு முன் ஒரு மாலை சோதனைக்கு

இந்தச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். உறைய வைத்த பிரைன் இறாலில் ஒரு சிறு கட்டியை நீரில் கரைத்து, ஒரு பம்ப்பின் முன்னால் ஊற்றிவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து துகள்களைப் பின்தொடருங்கள். சில துகள்கள் நேராக ஓடும், சில பாறையின் பின்னால் மறைந்து வேறிடத்தில் வெளிவரும், சில ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மெல்ல மணலில் இறங்கும். இந்தக் கடைசி வகை இறங்கும் இடம்தான் தேங்கல் மூலை. அதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முன்கண்ணாடியின் வெளிப்புறம் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு காகித ஒட்டுகளை வைத்து ஒரு துகள் அதைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் வேகமும் தெரியும்: மூன்று வினாடி என்றால் வினாடிக்கு 10 செ.மீ.

ஒரு வாரம் கழித்து, ரப்பர் குமிழ் வைத்த நீண்ட பிளாஸ்டிக் பிப்பெட்டால் பாறையின் இடுக்குகளில் நீரைப் பீச்சுங்கள். சில இடங்களில் எதுவும் கிளம்பாது. சில இடங்களில் பழுப்புப் புகை மேகம் போல எழும். புகை எழும் இடமும் நீங்கள் வரைந்த மூலையும் ஒன்றாகவே இருக்கும். பம்ப்பின் முகத்தை ஒரு விரலளவு திருப்பி, ஒரு நாள் விட்டு, மீண்டும் பாருங்கள். நான் மூன்றாவது தொட்டியில் இதற்கு இரண்டு வாரம் செலவழித்தேன். முதல் தொட்டியில் இரண்டு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. எவ்வளவு திருப்பியும் ஒரு மூலை மட்டும் அடங்காவிட்டால், பாறைக்குப் பின்னால் சிறிய பம்ப் ஒன்றைத் தாழ்வாக வைத்துவிடுவதே வழி. மணலில் எங்காவது கிண்ணம் போலக் குழி விழுந்து தொட்டியின் அடிக்கண்ணாடி தெரிந்தால் அந்த இடத்தை நோக்கும் பம்ப்பைச் சற்று மேலே உயர்த்த வேண்டும்.

திசையும் வேகமும் மாறிக்கொண்டிருக்கட்டும்

கடலில் அலை சில வினாடிகளுக்கு ஒருமுறை பவளத்தின் மேல் முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. தொட்டியில் ஒரே திசையிலிருந்து நாள் முழுதும் அடித்தால் பவளத்தின் ஒரு பக்கம் திசு தேயும், நிழலான மறுபக்கம் வண்டல் சேரும். கன்ட்ரோலரில் இரண்டு பம்ப்புகளும் மாறி மாறி, ஒழுங்கின்றி வேகம் கூடிக் குறையும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே தாளத்தில் துடிக்க வைத்து நீர்மட்டமே ஊஞ்சல் போல ஆடும்படி செய்யும் முறையும் உண்டு. பார்க்க மிக அழகானது. ஆனால் ஒரு செ.மீ. ஏற்ற இறக்கத்துக்கு மேல் போனால் கண்ணாடி இணைப்புகளுக்கும் தொட்டியைத் தாங்கும் மேசைக்கும் தேவையற்ற அழுத்தம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இரவில் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் ஆக்சிஜன் குறைந்திருக்கும் நேரமும் அதுவே என்பதால் மேற்பரப்பின் நெளிவு நிற்கும் அளவுக்குக் குறைத்துவிடக் கூடாது. உணவிடும்போது வேவ்மேக்கர்களைப் பத்து நிமிடம் நிறுத்துவது நல்லது, மீண்டும் தானாகத் தொடங்கும் வசதி கன்ட்ரோலரில் இருக்குமானால். கையால் நிறுத்துபவர் மறப்பார், நான் மறந்திருக்கிறேன்.

பவளம் சொல்வதைக் கேட்பது

புதிய பவளத்தை முதலில் ஓட்டம் மிதமான இடத்தில் வைத்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு மேலும் கீழும் நகர்த்துங்கள். டார்ச் பவளத்தின் நீண்ட கைகள் வயலில் நெற்கதிர் அசைவதைப் போல மெதுவாக எல்லாத் திசையிலும் சாய்ந்தெழுந்தால் இடம் சரி. கைகள் ஒரே பக்கமாகப் படுத்து, மறுபக்கத்தில் எலும்புக்கூட்டின் கூர்விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டம் அதிகம்; அந்த விளிம்பிலேயே சதை உரசிக் கிழிந்து, கிழிந்த இடத்தில் பழுப்புக் கூழ் போன்ற தொற்று பிடித்தால் ஓரிரு நாளில் ஒரு தலை முழுவதும் போய்விடும். என் முதல் டார்ச் அப்படித்தான் போனது, பம்ப்புக்கு நேர் எதிரே, ஒரு சாண் தொலைவில்.

லெதர் பவளம் அவ்வப்போது பாலிப்களை உள்ளிழுத்து, பளபளப்பான மெழுகுத்தோல் ஒன்றை உரிக்கும். இது நோயல்ல, ஆனால் அந்தத் தோலை அடித்துச் செல்ல நல்ல ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அது அங்கேயே ஒட்டி அழுகும். மஷ்ரூம் பவளம் அமைதியான தாழ்ந்த மூலையை விரும்பும், ஓட்டம் மிகுந்தால் பிடியை விட்டு மிதந்தே போய்விடும். அக்ரோபோராவில் கிளைநுனிகள் நன்றாக இருக்க, அடிப்பகுதியில் மட்டும் சதை பின்வாங்கினால் கிளைகளுக்கு நடுவே நீர் புகவில்லையா என்று பாருங்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும் சோதிக்கச் செலவில்லாதது இதுதான். கடல் சாமந்தி வைப்பவர்கள் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு ஸ்பாஞ்சாலோ வலையாலோ கட்டாயம் உறை போட வேண்டும். சாமந்தி இரவில் நகரும்; பம்ப்பில் சிக்கி அரைபட்டால் தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும்.

மின்வெட்டும் சுத்தம் செய்வதும்

சிங்கப்பூரில் மின்சாரம் நிற்பது அரிது என்பதால் எனக்கு இந்தப் பகுதியில் அனுபவம் குறைவு. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைத்தான் முதல் செலவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டம் நின்றால் மீன் நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். விளக்கையும் ஸ்கிம்மரையும் விட்டுவிட்டு ஒரு வேவ்மேக்கரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணையுங்கள். டிசி பம்ப் குறைந்த வேகத்தில் மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும். அதுவும் இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்புகளைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால், ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் ஊதாநிறப் பாசியும் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் ரோட்டரையும் கழற்றித் துடையுங்கள். இதைச் செய்த அன்று பவளங்கள் திடீரென்று படுத்துவிட்டால் பதற வேண்டாம்: அடைபட்டிருந்த பம்ப் பழைய வலிமைக்குத் திரும்பியிருக்கிறது, வேகத்தைச் சற்றுக் குறைத்து ஒரு வாரத்தில் மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம்.

பவளங்கள் வளர வளர இந்த ஏற்பாடு முழுவதும் மாறும். என் தொட்டியில் கைக்குட்டை அளவுக்கு வளர்ந்த, தட்டு வடிவ மான்டிபோராப் பவளம் ஒன்று, வலப்பக்கப் பம்ப்பின் ஓட்டத்தை முழுமையாக மறைத்து, தனக்குக் கீழே இருந்த ஜோவாக் கூட்டத்தைச் சோர வைத்துக்கொண்டிருப்பதை நான் பல வாரங்கள் கவனிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறால் துகள் சோதனையை மீண்டும் செய்து, பழைய தாளோடு ஒப்பிட்டு, ஓட்டத்தை மறைக்கும் பவளத்தை வெட்டுவதா, பம்ப்பை நகர்த்துவதா என்று முடிவு செய்யுங்கள். நான் தட்டின் ஓரத்தை எலும்பு வெட்டும் கத்திரியால் நறுக்கி, துண்டுகளை இரண்டு நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஜோவாக்கள் விரிய பத்து நாள் ஆனது.